திரும்பவும் வேலைக்கு எடுப்பீர்களா?

போன கிழமை எங்கள் ரெஸ்ரோரன்ட் மனேஜர் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மேசையில் வைத்தார். "அண்ணை, அந்தப் பெடியன் உங்களோடைதானே நிண்டவன். புது இடத்திலை இருந்து விசாரிச்சு அனுப்பியிருக்கினம். நீங்களே நிரப்பித் தாங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

ஒரு பக்கம்தான். எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார், என்ன வேலை செய்தார், எத்தனை நாள் சுகமில்லாமல் நின்றார். கடைசியில் ஐந்தாவது கேள்வி: இவரைத் திரும்பவும் வேலைக்கு எடுப்பீர்களா? பக்கத்தில் இரண்டு சின்னப் பெட்டிகள். ஆம். இல்லை.

முதல் நாலையும் நிரப்பிவிட்டேன். ஐந்தாவதில் கை ஓடவில்லை. பேப்பரை மடித்து ஏப்ரன் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பினேன்.

அந்தப் பெடியன் ஒரு சனிக்கிழமை இரவு, கடை நிரம்பி ஆட்கள் வாசலில் காத்துக்கொண்டு நிற்கும்போது, ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்கதவால் போனவன். தோசைக் கல்லையும் கொத்து ரொட்டியையும் நான் தனியப் பார்த்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தச் சின்னப் பெட்டி என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கே ஒருக்கால் அதைப் போட்டிருக்கிறார்கள்.

2017 இல் நான் மேற்கு லண்டனில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் இருந்தேன். ஐந்து வருசம். கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, காலைச் சாப்பாட்டுக்குப் பொறுப்பாக வந்தது வரைக்கும் அங்கேதான். அந்த வருசம் அம்மாவை வைத்தியத்துக்கென்று திருச்சிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஊருக்குப் போக முடியாத எங்களுக்கு அம்மாவைக் காணுகிற இடம் திருச்சிதான், இதை உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மூன்று கிழமை லீவு கேட்டேன். பத்து நாள் தந்தார்கள். நான் இருபத்தாறு நாள் நின்றேன். இடையில் இரண்டு இமெயில் போட்டேன், பதில் வரவில்லை. திரும்பி வந்து வேலைக்குப் போனால் என்னுடைய அட்டைக்குப் பின்கதவு திறக்கவில்லை. அவ்வளவுதான்.

பிழை என்னிலும் இருக்கிறது. தந்த பத்து நாளுக்கு மேலே நின்றவன் நான்தான். அதனால் வேலை போனதைப் பெரிதாக எடுக்கவில்லை. லண்டனில் கோப்பைக்குப் பஞ்சமா? தமிழ்க் கடைகளில் ஒன்று மாறி ஒன்று நின்றேன். 2019 இல்தான் ஒரு நல்ல வேலை வந்தது. ஆஸ்பத்திரிகளுக்குச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிற கொம்பனி. நேரத்துக்கு வேலை, சம்பளத்தோடு லீவு, பென்சன். இன்ரர்வியூ முடிந்து, சட்டை அளவும் கேட்டு, எந்தத் திங்கட்கிழமை தொடங்குவது என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தத் திங்கட்கிழமைக்கு முதல் வியாழன் இரண்டு வரிக் கடிதம் வந்தது. வேலை இல்லை.

போன் எடுத்தேன். ஒரு பெண் கதைத்தா. காரணம் சொல்ல ஏலாது என்றா. நான் விடாமல் நிற்க, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "எங்களைக் கேட்க வேண்டாம், உங்களுடைய பழைய இடத்தைக் கேளுங்கள், உங்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று" என்றா. யார் பெற்ற பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்.

அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இதைத் தோண்டத் தொடங்கினேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்து இடையில் விட்டு ஓடிவந்தவன் நான். பட்டம் இல்லை, ஆனால் பழசைக் கிண்டுகிற வியாதி மட்டும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. லைப்ரரியில் போய்க் குந்தினேன்.

இங்கிலாந்தில் வீட்டு வேலைக்காரருக்கு எசமான் எழுதிக் கொடுக்கிற கடிதத்தை அந்தக் காலத்தில் 'கரெக்டர்' என்றே சொல்லியிருக்கிறார்கள். குணம். ஒரு வேலைக்காரி ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போவதென்றால் அவள் கையில் ஒரு குணம் இருக்கவேண்டும். குணம் இல்லாதவளை எந்த வீட்டிலும் படியேற விடமாட்டார்கள். 1792 இல் இதைப் பற்றி ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள், பொய்க் குணம் கொடுத்தால் 20 பவுண் தண்டம். அட, அந்தக் காலத்திலேயே வேலைக்காரரைப் பாதுகாக்கச் சட்டம் இருந்திருக்கிறது என்று சந்தோசப்பட்டேன். வாசித்துப் பார்த்தால் கதை மறுவளம். கூடாத வேலைக்காரருக்கு நல்ல குணம் எழுதிக் கொடுத்து அடுத்த எசமானை ஏமாற்றக் கூடாது, அதுதான் சட்டம். நல்ல வேலைக்காரிக்குக் குணமே எழுதிக் கொடுக்காமல் விட்டால்? அதற்கு 1800 இல் தீர்ப்பு வந்தது. கரோல் எதிர் பேர்ட் என்ற வழக்கு. குணம் எழுதிக் கொடுக்க எசமானுக்குச் சட்டப்படி ஒரு கடமையும் இல்லை என்று கென்யன் பிரபு சொல்லிவிட்டார். வங்கி, நிதி போன்ற சில துறைகளை விட்டுப் பார்த்தால் இங்கே நிலைமை இன்றைக்கும் அதுதான். பழைய முதலாளி உங்களுக்கு ஒரு சான்றும் தரத் தேவையில்லை.

பிரான்சில் வேறு மாதிரி. என்னுடைய மச்சான் பாரிசில் லா சப்பல் பக்கம் ஒரு ரெஸ்ரோரன்டில் நிற்கிறான். இந்தக் கதையை அவனிடம் சொல்ல, "இஞ்சை அப்பிடி இல்லை மச்சான். வேலை விட்டால் ஒரு பேப்பர் தருவாங்கள். எப்ப வந்தாய், எப்ப போனாய், என்ன வேலை, அவ்வளவுதான்" என்றான். அந்தப் பேப்பருக்குப் பின்னால் எண்பத்தேழு வருசக் கதை இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

நெப்போலியன் இன்னும் சக்கரவர்த்தி ஆகாத 1803 இல் தொழிலாளர்களுக்கென்று ஒரு கொப்பியைக் கட்டாயமாக்கினார்கள். லிவ்ரே. கொப்பி இல்லாமல் ஊர் விட்டு ஊர் போகிற தொழிலாளியை நாடோடி என்று பிடிக்கலாம். வேலைக்குச் சேரும்போது முதலாளி கொப்பியை வாங்கி வைத்துக்கொள்வார். வேலை விடும்போது, இவர் எனக்குக் கணக்கு முடித்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த இடம். முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் அதிலேயே எழுதுவார்கள். அடுத்த முதலாளி சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை வெட்டிப் பழைய முதலாளிக்குக் கொடுக்கவேண்டும். ஆள் நல்லவன், கெட்டவன் என்று கொப்பியில் ஒன்றும் எழுதக் கூடாது என்று 1854 ஆம் ஆண்டுச் சட்டத்தில் போட்டார்கள். அதற்கு முதலும் எழுதத் தேவை இருக்கவில்லை. கொப்பியைத் திருப்பிக் கொடுக்காமல் இழுத்தடித்தாலே காணுமே. 1890 இல் லிவ்ரேயை ஒழித்தபோது, அதே சட்டத்திலேயே, விலகுகிற தொழிலாளிக்கு ஒரு சான்று கொடுக்கவேண்டும், அதில் சேர்ந்த திகதி, விலகிய திகதி, செய்த வேலை ஆகியவை மட்டும்தான் இருக்கவேண்டும் என்று எழுதிவிட்டார்கள். மச்சானின் பேப்பர் அதுதான். "ஆனால் ரெலிபோன் எடுத்துக் கேப்பாங்கள், அது வேறை" என்றும் அவனே சொன்னான்.

ஜேர்மனிக்காரர் இன்னும் கெட்டிக்காரர். டோட்மண்டில் இருக்கிற கூட்டாளி ஒருவன் தன்னுடைய சான்றிதழைப் பெருமையாக வாசித்துக் காட்டினான். எங்களுடைய திருப்திக்கு வேலை செய்தார் என்று எழுதியிருந்தது. பாவம், அவன் அதைப் புகழ்ச்சி என்று நினைத்துச் சட்டம் போட்டு வைக்காத குறை. அங்கே கூடாமல் எழுதித் தொழிலாளியின் வாழ்க்கையைக் கெடுக்கக் கூடாது, நல்லெண்ணத்தோடு எழுதவேண்டும் என்று கோர்ட்டுகள் கட்டுப்படுத்தி வைத்திருக்கின்றன. அதனால் முதலாளிமார் தங்களுக்குள் ஒரு பாசை வளர்த்துவிட்டார்கள். எப்போதும் எங்களுடைய மிக முழுமையான திருப்திக்கு என்றால் முதல் தரம். முழுத் திருப்திக்கு என்றால் நடுத்தரம். வெறும் திருப்திக்கு என்றால் ஏதோ தப்பினான். முயற்சி செய்தார் என்று எழுதியிருந்தால் அவன் ஒன்றுக்கும் உதவாதவன். வெளியில் தெரிகிற கருத்தைத் தவிர வேறொரு கருத்தைச் சொல்கிற அடையாளமோ சொல்லோ சான்றிதழில் இருக்கக் கூடாது என்று அவர்களுடைய தொழிற்சட்டத்தின் 109 ஆம் பிரிவே சொல்கிறது. சட்டம் தன் பாட்டுக்கு இருக்கிறது, பாசையும் தன் பாட்டுக்கு இருக்கிறது.

இதெல்லாவற்றையும் நான் எங்கள் சமையலறையில் அளந்துகொண்டு நிற்கும்போது, சட்னி அரைத்துக்கொண்டிருந்த தம்பி ஒருவன், அவன் அட்டன் பக்கம், திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "என்னண்ணே நீங்க, பிரான்சு ஜேர்மனின்னு சுத்துறீங்க. எங்க தோட்டத்துல இத பத்துச்சீட்டுன்னு சொல்லுவாங்க. தொரை கோவிச்சா பத்துச்சீட்டு. எங்க பாட்டிக்குப் பேய விட அதுக்குத்தான் பயம்" என்றான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் விரிவுரைக் குறிப்பில் துண்டு முறை என்று ஒரு வரி இருந்தது. 1921 இல் ஒழிக்கப்பட்டது என்று பரீட்சைக்குப் பாடமாக்கினேன். துண்டு என்றால் என்ன என்று கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஒரே தீவுக்குள் இருந்த எங்களுடைய சனத்தின் கதையைப் பாரிசைச் சுற்றிக்கொண்டு வந்து லண்டனில் ஒரு சட்னி மெசினுக்குப் பக்கத்தில் கேட்கவேண்டி வந்தது.

தேடி வாசித்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து கங்காணி ஆட்களைக் கட்டிக்கொண்டு வரும்போதே வழிச்செலவு, முன்பணம் என்று கடன் தொடங்கிவிடும். அந்தக் கடன் தோட்டத்தில் கங்காணியின் கணக்கிலும் அவனுக்குக் கீழே ஆட்களின் தலையிலும் ஏறிக்கொண்டு போகும். கங்காணி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரை ஒரு துண்டுக் கடுதாசி கொடுப்பார். இன்ன கங்காணியையும் அவனுடைய இத்தனை ஆட்களையும் இவ்வளவு ரூபாய் கட்டினால் விடுவிப்பேன் என்று அதில் இருக்கும். அதுதான் துண்டு. கங்காணி அதைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவான். ஆள் தேவைப்படுகிற துரை அந்தக் காசைக் கட்டி எடுப்பார். அடுத்தமுறை துண்டில் தொகை கூடியிருக்கும். நடுவில் கங்காணி அடித்தது எவ்வளவு, உண்மையில் கொழுந்து பறித்தவள் பட்ட கடன் எவ்வளவு என்பது பறித்தவளுக்குத் தெரியாது. துண்டு இல்லாமல் போனவரை வேறு தோட்டம் சேர்க்காது. சொல்லாமல் ஓடினால் மறியல், 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வேலை ஒப்பந்தத்தை மீறுவது குற்றச் செயல். 1921 இல் 43 ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் துண்டு ஒழிந்தது. துண்டு போனாலும் சீட்டு என்கிற பயம் போகவில்லை என்பதற்கு அட்டன் தம்பியின் பாட்டி சாட்சி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் பொய்யன். எங்கள் பூட்டன் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் கொஞ்சம் இங்கிலீசு படித்தவர்கள் போன வழிதான் அவரும் போனது. எங்கள் வீட்டில் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிற ஒரே கதை, அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், துரை அதை வந்த விருந்தாளிகளுக்குக் காட்டுவார் என்பதுதான். எங்களுக்கு எழுத்து உறுப்பாக வரவில்லை என்றால் அப்பா அதைச் சொல்லித்தான் குட்டுவார். அவர் வேலை செய்தது 1921 க்கு முந்திய வருசங்களிலும்தான். கையெழுத்து வைத்தது துரையாக இருக்கும். அந்த முத்து முத்தான எழுத்தில் என்ன எழுதினார் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. இதை அட்டன் தம்பியிடம் சொன்னேன். "சரி விடுங்கண்ணே, அவரும் சம்பளத்துக்குத்தானே எழுதுனாரு" என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கப்பலுக்குப் போன ஆட்களைக் கேட்டாலும் இதே கதை வரும். எழுபது எண்பதுகளில் எங்கள் பக்கத்துப் பெடியள் கப்பலுக்குப் போனபோது ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள், சி.டி.சி. என்பார்கள். சித்தப்பா தன்னுடையதைக் காணி உறுதியோடு சேர்த்துப் பெட்டகத்துக்குள் வைத்திருந்தவர். பிரித்தானியக் கப்பலோட்டிகளின் புத்தகத்தில் ஒவ்வொரு பயணம் முடியவும் திறமைக்கு ஒன்று, நடத்தைக்கு ஒன்று என்று கப்ரன் முத்திரை குத்துவார். மிக நன்று என்பதுதான் வழமையான முத்திரை. ஆளைப் பிடிக்காவிட்டால் கூடாதவன் என்று எழுதமாட்டார். 'சொல்ல விரும்பவில்லை' என்று போட்டுவிடுவார். ஒரு குற்றச்சாட்டும் இல்லை, மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த கப்பலில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

குணம், கொப்பி, துண்டு, கப்பல் புத்தகம் எல்லாவற்றிலும் ஒரு விசயம் ஒற்றுமை. அது தொழிலாளியின் கையிலோ கண்ணுக்கு முன்னாலோ இருந்தது. வாசிக்கத் தெரியாவிட்டால் வாசிக்கத் தெரிந்தவனிடம் காட்டலாம். இருபதாம் நூற்றாண்டில் அதுவும் போய்விட்டது. பேப்பர் முதுகுக்குப் பின்னால் போகத் தொடங்கிவிட்டது.

இங்கிலாந்தில் 1919 இல் பெரிய முதலாளிமார் சேர்ந்து எக்கொனமிக் லீக் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தொழிற்சங்கக்காரர், இடதுசாரிகள் என்று யாரைச் சந்தேகப்பட்டாலும் பெயரை எழுதிவைத்து, கேட்கிற கொம்பனிக்குச் சொல்வது. 1993 இல் அதை மூடினார்கள். மூடியபோது கட்டடத் தொழிலாளரின் அட்டைகள் மட்டும் அழியவில்லை. அவை கொன்சல்ரிங் அசோசியேசன் என்ற இன்னொரு அமைப்புக்குப் போயின. 2009 பெப்ரவரியில் தகவல் ஆணையாளரின் ஆட்கள் டிரொயிற்விச் என்ற சின்ன ஊரில் இருந்த அதன் ஒபிசுக்குள் புகுந்தபோது 3,213 பேரின் விபரம் அங்கே இருந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட கட்டடக் கொம்பனிகள் பாவித்திருக்கின்றன. வருசத்துக்கு 3,000 பவுண் சந்தா, ஒரு பெயரைச் சரிபார்க்க 2 பவுண் 20 பென்ஸ். ஒரு மனுசனின் சோற்றில் மண் போட 2 பவுண் 20 பென்ஸ். எங்கள் கடையில் அந்தக் காசுக்கு இரண்டு வடையும் வராது.

பாதுகாப்புத் தொப்பி இல்லை என்று முறைப்பாடு செய்தவர், சைற்றில் அஸ்பெஸ்ரஸ் கிடக்கிறது என்று சொன்னவர் எல்லாம் அந்த அட்டைகளில் இருந்தார்கள். வருசக்கணக்காக ஏன் வேலை கிடைக்கவில்லை என்று தெரியாமல், வீட்டில் பெண்சாதியிடம் சோம்பேறி என்று பேச்சு வாங்கியவர்கள் தங்கள் அட்டையை 2009 க்குப் பிறகுதான் கண்டார்கள். நடத்தியவருக்குக் கிடைத்த தண்டனை 5,000 பவுண் தண்டம். அதுவும் கறுப்புப் பட்டியல் வைத்ததற்கு இல்லை, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்யாததற்கு. கறுப்புப் பட்டியலைத் தடுக்க 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் விட்டிருந்தார்கள், ஆனால் அப்படி ஒன்று நடக்கிறதற்கு ஆதாரம் இல்லை என்று விதிகளைப் போடாமலே வைத்திருந்தார்கள். 2010 மார்ச்சில்தான் விதிகள் வந்தன. 2016 இல் பெரிய கட்டடக் கொம்பனிகள் ஹைகோர்ட்டில் மன்னிப்புக் கேட்டு நட்டஈடு கொடுத்தன.

அந்த 2010 விதிகளை நான் ஆவலாக வாசித்தேன். என்னைக் காப்பாற்றுமா என்று. காப்பாற்றாது. தொழிற்சங்கத்தில் இருந்ததற்காகப் பட்டியல் போட்டால்தான் அது பிடிக்கும். அம்மாவைப் பார்க்கப் போய்ப் பிந்தி வந்தவனுக்கு அதில் இடம் இல்லை.

எனக்கு இடம் தந்தது வேறு இரண்டு. ஒன்று 1994 இல் பிரபுக்கள் சபை கொடுத்த தீர்ப்பு, ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷூரன்ஸ். ஒரு இன்சூரன்ஸ்காரருக்குப் பழைய கொம்பனி கண்டபடி எழுதிவிட்டது, அவரை அந்தத் தொழிலில் யாரும் தொடவில்லை. சான்று எழுதுகிறவர் கவனமாக எழுதவேண்டும், கவனக்குறைவாக எழுதி நட்டம் வந்தால் அவர் பொறுப்பு என்று தீர்த்தார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குப் பிறகு கொம்பனிகள் பயந்துவிட்டன. விபரமாக எழுதினால்தானே வழக்கு, திகதியை மட்டும் சொல்வோம் என்று சுருங்கிவிட்டன. ஆளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதின இடத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து குந்திவிட்டது. ஆம், இல்லை.

இரண்டாவது, தகவல் கேட்கிற உரிமை. இதிலும் ஒரு கூத்து இருக்கிறது. 1998 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சான்று கொடுத்தவர் உங்களுக்கு அதைக் காட்டத் தேவையில்லை, ஆனால் வாங்கியவரிடம் நீங்கள் கேட்கலாம். 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பின்கதவையும் மூடிவிட்டார்கள். இரகசியமாகக் கொடுத்த சான்றை இப்போது கொடுத்தவரும் காட்டத் தேவையில்லை, வாங்கியவரும் காட்டத் தேவையில்லை. போனில் கதைத்த பெண் ஏன் எங்களைக் கேட்க வேண்டாம் என்று சொன்னா என்பது அப்போதுதான் விளங்கியது. ஆனால் பழைய கொம்பனி தன்னுடைய கோப்பில் என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறது என்பது சான்று இல்லை. அதைக் கேட்கலாம். காசு கட்டத் தேவையில்லை, ஒரு மாதத்துக்குள் தரவேண்டும்.

கேட்டேன். என்னுடைய பெயர், வேலை செய்த வருசங்கள், என்னைப் பற்றி வைத்திருக்கிற எல்லாவற்றினதும் பிரதி வேண்டும், விலகியபோது பதிந்த குறிப்பும் திரும்ப எடுப்பது பற்றிய குறிப்பும் சேர்த்து என்று நாலு வரி. இருபத்தெட்டாம் நாள் முப்பத்தொரு பக்கம் வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. திரும்ப எடுக்கலாமா: இல்லை. காரணம்: வேலையைக் கைவிட்டவர். அதே கட்டில் இருபத்திரண்டாம், இருபத்திமூன்றாம் பக்கங்களில் நான் திருச்சியிலிருந்து போட்ட இரண்டு இமெயிலும் இருந்தன. அம்மாவின் நிலைமை, எப்போது திரும்புவேன் என்று என்னுடைய உடைந்த இங்கிலீசில். கைவிட்டவன் கடிதம் போடுவானா? இரண்டையும் ஒரே ஆள் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. எனக்கு எதிராக யாரும் சதி செய்யவில்லை.

வேலையால் நிற்பாட்டியதற்கு வழக்குப் போடுகிற மூன்று மாதக் கெடு 2017 இலேயே முடிந்துவிட்டது. ஆனால் பிழையான குறிப்பைத் திருத்தும்படி கேட்கக் கெடு இல்லை. இரண்டு இமெயிலையும் இணைத்து எழுதினேன். மாதக் கடைசியில் பதில் வந்தது. பதிந்த குறிப்பு பதிந்தபடியே இருக்கும், ஆனால் இன்ன இன்ன திகதிகளில் அறிவித்திருந்தார் என்று பக்கத்தில் ஒரு குறிப்புச் சேர்த்திருக்கிறோம் என்று. இல்லை என்பது இல்லையாகத்தான் இருந்தது. முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரி வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நான் எந்தப் போமிலும் அந்த ஹோட்டலை மறைக்கவில்லை. ஏன் விலகினீர்கள் என்ற இடத்தில், தாயின் வருத்தத்துக்காக அனுமதித்த லீவுக்கு மேல் பதினாறு நாள் நின்றேன், அறிவித்திருந்தேன், கடிதம் இணைத்திருக்கிறேன் என்று நானே எழுதினேன். பழைய இடம் சொல்ல முதல் நான் சொல்லிவிடுவது. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் எடுத்தார்கள். கடிதத்தை வாசித்த அம்மா, அவ கரிபியன்காரி, "இப்ப தாய் எப்படி இருக்கிறா" என்றுதான் கேட்டா. அந்த வேலை 2020 இல் கொரோனாவோடு போனது, அது வேறு கதை.

இனி அந்தப் பெடியனின் பேப்பர். மூன்று நாள் என்னுடைய பொக்கற்றுக்குள் கிடந்து ஓரமெல்லாம் மஞ்சள். மனேஜரிடம் போய், "தம்பி, ஐஞ்சாவதை வெறுமையாய் விடுவமே?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெறுமையாய் விட்டால் இல்லை எண்டுதானே நினைப்பினம் அண்ணை?" சரிதான். கப்ரன் செய்ததும் அதுதான்.

கடைசியில் பெடியனுக்கே போன் எடுத்தேன். எடுக்கமாட்டான் என்று நினைத்தேன், எடுத்தான். ஏனடாப்பா அன்றைக்கு அப்படிப் போனாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. அண்டைக்கு கொத்துக்கு உப்புக் கூடிப்போச்செண்டு எல்லாருக்கும் முன்னாலை என்னை என்னெண்டு பேசினீங்கள்? உங்களுக்கு ஞாபகம் இல்லையோ?"

ஞாபகம் இல்லை. உண்மையாகவே ஞாபகம் இல்லை. சனிக்கிழமை இரவில் அடுப்படியில் நாங்கள் பேசுகிற பேச்சு ஒன்றும் அடுத்தநாள் எங்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை. என்ன சொன்னேன் என்று கேட்டேன். சொன்னான். அதை இங்கே எழுதமாட்டேன், அவனுடைய அம்மாவை இழுத்திருக்கிறேன்.

போனை வைத்துவிட்டுக் குளிரறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வந்து பேப்பரை விரித்து, ஆம் என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். மனேஜர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். புதுப் போம் எடுத்து எழுத நேரமில்லை, மஞ்சள் கறையோடேயே ஸ்கான் பண்ணி வெள்ளிக்கிழமை பின்னேரம் அனுப்பிவிட்டோம்.